அறுபத்திரண்டும் இருக்கு

அத்தியாயம் 17

போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், இடுப்பெலும்பு உடைந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். பல்பு மாற்றுகிறேன் என்று ஸ்டூல் மேல் ஏறிய மனுஷன். பல்பு மாறிவிட்டது, நன்றாக எரிகிறது. ஏறியவர்தான் எழுந்து நிற்கவில்லை.

எலும்பு டாக்டர் இந்த ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் இன்று. இன்று விட்டால் இன்னும் ஒரு மாதம் அப்பா மல்லாந்தே கிடக்க வேண்டும். எழுபது வயதில் அப்படிக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், அப்புறம் நடக்கிற பேச்சே இல்லை என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

மூத்த மகளுக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கீழ்த்தளத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆவி மெஷினில் வேகவைத்து, கிருமி இல்லாமல் மேலே தியேட்டருக்கு அனுப்புகிற இடம். பதினோரு வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள்.

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. மூத்தவள் அழவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நெஞ்சு கல்லாகவெல்லாம் இல்லை, மரத்துப்போயிருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொடுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். சாப்பிட உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது. தட்டுச் சத்தம்தான் கேட்கும். ஒரு நாள் அப்பா தாங்க முடியாமல், "இன்னைக்கு உங்க ஆபீஸ்ல என்ன கூத்து?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு ஒரு கூத்து என்று ஆகிவிட்டது. கூத்துக்கு அந்தப் பிரிவில் பஞ்சமே கிடையாது.

முக்கால்வாசிக் கூத்து சரிங்கண்ணனுடையது.

பெயர் அதுவல்ல. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார், அதனால் வந்த பட்டம். நேரில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷன். லீவு போடமாட்டார், கோபப்படமாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதுதான் பிரச்னை. கை துடைக்கிற காகிதத்தை வீணாக்காதீர்கள் என்று பிரிவுக்குப் பொறுப்பான மேடம் சொன்னதற்கு, அதைத் துவைத்து கம்பியில் காயப்போட்டவர் அவர்.

காலை எட்டு பத்து. மூத்தவள் வார்டில் அப்பாவையும், வெளியூரிலிருந்து வந்திருந்த தம்பியையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். சரிங்கண்ணன் வாசலிலேயே காத்திருந்தார்.

"கவலையே படாதீங்க. அப்பா ஆபரேஷனுக்கான கருவி செட்டு எட்டு மணிக்கே மேல போயிருச்சு. அறுபத்திரண்டும் இருக்கு."

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் கோட்டை மாட்டினாள். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை நுழைவதற்குள் மனசில் ஏதோ இடித்தது.

"அறுபத்திரண்டு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"எண்ணிப் பாத்தேன்ங்க."

"அது நாலு நாளைக்கு முன்னாடி கட்டின செட்டு. கட்டின செட்டை எப்படி எண்ணுனீங்க?"

"பிரிச்சுத்தான்."

அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"நேத்து போறப்போ நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு விடாம இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்கன்னு. கையைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டுத்தான் தொட்டேன். திரும்ப அதே மாதிரி கட்டிட்டேன்."

"டேப்பு?"

"அதே டேப்பு. கிழியாம உரிச்சு, அதையே ஒட்டிட்டேன். எதுக்கு வீணாக்கணும்?"

அந்த டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளை டேப்தான். ஆவி மெஷினுக்குள் போய் வந்தால் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றும். கோடு கறுத்திருந்தால் உள்ளே இருப்பது சுத்தம் என்று அர்த்தம். தியேட்டரில் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார்கள். சரிங்கண்ணன் கை பட்ட அறுபத்திரண்டு கருவிகளும், கறுப்புக் கோட்டோடு, எந்தச் சந்தேகமும் வராதபடி, அப்பாவின் இடுப்புக்காக மேலே காத்துக்கொண்டிருந்தன.

மூத்தவள் போனை எடுத்துத் தியேட்டர் நம்பரை அழுத்தினாள். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் நடக்கிறபோது போன் அடித்தால் தொந்தரவாக இருக்கிறது என்று புகார் வந்ததால், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடும்படி போன மாதம்தான் உத்தரவு வந்திருந்தது.

மூன்று மாடி. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினாள். தியேட்டர் வாசலில் சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பின்னால் ஒரு காவலாளி.

"காலுக்கு உறை போடாம உள்ள வரக்கூடாது."

"உறை குடுங்க."

"தீந்துபோச்சு. கீழ உங்க டிபார்ட்மென்ட்லதான் வாங்கணும்."

"என் டிபார்ட்மென்ட்டுக்கு நானே போயி வாங்கிட்டு வரணுமா?"

"சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் தருவாங்க."

மற்ற நாளாக இருந்தால் இதுவே சாப்பாட்டு நேரத்துக்குப் போதும். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, வாயைக் கையால் குவித்து, "இடுப்பு செட்டைப் பிரிக்காதீங்க" என்று கத்தினாள். பதினோரு வருஷத்தில் அந்த வராந்தாவில் அவள் குரல் உயர்ந்ததே இல்லை. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார்.

அவள் சொன்னாள். சுருக்கமாக, ஏற்ற இறக்கமில்லாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற செட் இருக்கா?"

"ஒண்ணுதான் சார்."

"ரெண்டரைக்கு நான் கிளம்பணும். மூணு சின்னக் கேஸ் இருக்கு, அதை முதல்ல பாக்குறேன். பன்னெண்டு மணிக்கு செட்டு என் கையில இருந்தா உங்க அப்பாவுக்குப் பண்றேன். தாண்டிச்சுன்னா அடுத்த மாசம்தான்."

மணி எட்டே முக்கால். கழுவிக் காயவைக்க ஒரு மணி நேரம். எண்ணிக் கட்ட அரை மணி. ஆவி மெஷின் ஒரு மணி. சூடு தணிய இருபது நிமிஷம். சரியாகப் போனால் இருபத்தைந்து நிமிஷம் மிஞ்சும். இந்த ஆஸ்பத்திரியில் எது சரியாகப் போயிருக்கிறது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

செட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது, அதற்குள் மேடம் சுற்றறிக்கை ஒட்டிவிட்டிருந்தார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. 'கட்டிய செட்டுகளை இனி யாரும் எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது.' வண்டி தள்ளுகிறவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பாக்காம எப்படிம்மா தள்றது?" என்று கேட்டார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளிப் பார்த்தார். வண்டி கதவில் இடித்தது.

"அந்தாளை இனிமே எதையும் தொடவிடாத," என்றார் மேடம்.

மூத்தவள் தலையாட்டினாள். கருவிகளைக் கழுவும் மெஷினில் போட்டாள். காயவைத்தாள். பத்து மணிக்கு மேஜை மேல் விரித்து, பட்டியலை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

முப்பத்தெட்டு வரை போனாள். அடுத்தது என்ன என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். முப்பத்தைந்தில் நின்றது. மூன்றாம் முறை இருபதைக்கூடத் தாண்டவில்லை. பதட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பதட்டமும் இல்லை. கை வேலை செய்தது. எண்கள்தான் எங்கோ போய்விட்டன. சுவர்க் கடிகாரம் பத்து பத்து காட்டியது.

சரிங்கண்ணன் மூலையில், மேடம் நிறுத்தி வைத்த இடத்தில், நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க எண்ணுங்க."

"மேடம் தொடக்கூடாதுன்னாங்க."

"நான் சொல்றேன்."

"சரிங்க."

அவர் கையைக் கழுவினார், உறை மாட்டினார். ஒவ்வொரு கருவியாகத் தொட்டு, பெயரைச் சத்தமாகச் சொல்லி, பட்டியலில் ஒரு புள்ளி வைத்து, அடுத்ததுக்குப் போனார். அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. அவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இன்று அது எவ்வளவு பெரிய வரம் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்று பார்த்தாள். அறுபத்திரண்டு.

கட்டினார். மடிப்பு சுருக்கமில்லாமல் விழுந்தது. டேப்பை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புது டேப்பா, பழசா?"

"புதுசுண்ணே."

"சரிங்க."

பத்தரைக்கு மெஷின் கதவைச் சாத்தினாள். இனி ஒரு மணி நேரம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேலிருந்து வரும் கருவிகளை வாங்கும் ஜன்னலில் தம்பியின் முகம் தெரிந்தது. கோபமாகத்தான் வந்திருந்தான்.

"அப்பா பசியில கிடக்கார். எவனோ ஒருத்தன் செட்டைப் பிரிச்சுட்டானாமே. அவனை இன்னும் வேலையில வச்சிருக்கீங்களா?"

"சத்தமாப் பேசாத. அவர் இங்கதான் இருக்கார்."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

"நான்தான்டா பாக்கச் சொன்னேன்."

"பிரிக்கச் சொன்னியா?"

"இல்ல. ஆனா பாக்கச் சொல்லியிருக்கவே வேணாம். கட்டி முடிச்சா முடிஞ்சது, அதுக்கப்புறம் பாக்க ஒண்ணுமில்ல. பதினோரு வருஷத்துல எந்த செட்டுக்கும் நான் அப்படிச் சொன்னதில்ல. அப்பாவோடதுங்கவும் வாயில வந்துருச்சு."

தம்பி ஜன்னல் பலகையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கேட்க வந்தது இது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு கேக்கவா? அம்மா போயி ரெண்டு வாரம்தான் இருக்கும். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு போன் பண்ணேன். அப்பா எடுத்தார். பின்னாடி நீ சிரிக்கிற. அப்பா பேசவே முடியாம சிரிக்கிறார். நான் அந்த ஊர்ல சோத்துல கை வைக்க முடியாம உக்காந்திருக்கேன், இங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருக்கீங்க. எப்படிக்கா முடிஞ்சுது?"

அவள் பதில் சொல்லத்தான் பார்த்தாள். என்ன சொல்வது? நான் சிரிக்கவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா? அவளுக்கே புரியவில்லை.

"மெஷினைப் பாக்கணும்டா," என்றாள்.

அவன் போய்விட்டான். வருத்தமாக இருக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு சரிங்கண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அவள் கூடவே போனாள். சுற்றறிக்கையை மீறி இருவரும் செட்டைப் பார்த்தபடியே போனார்கள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். பச்சை உடை, பச்சைக் குல்லாய். தம்பி கால்மாட்டில் நின்றான்.

"நீ கட்டினதுதானே?" என்று கேட்டார் அப்பா. "நம்ம பொண்ணு கட்டின செட்டுன்னு பக்கத்துப் பெட்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை. அப்பாவிடம் மட்டும் அவளுக்கு அது வராது.

"நான் கட்டலப்பா. அண்ணன் கட்டினார்."

"எந்த அண்ணன்?" என்றவர், வண்டி அருகே நின்ற ஆளைப் பார்த்தார். "லிஃப்ட் வேலை செய்யலைன்னு அட்டை எழுதி லிஃப்டுக்குள்ள மாட்டினாரே, அவரா?"

சரிங்கண்ணன் பணிவாகக் கும்பிட்டார். "ஆமாங்க ஐயா. அட்டைக்கு வெளியில ஆணி இல்ல."

அப்பா கூரையைப் பார்த்தார். அவர் வயிறு லேசாகக் குலுங்கியது. இடுப்பில் வலித்திருக்கும், முகம் சுளித்தது. சுளித்த முகத்தோடே சிரித்தார்.

"எண்ணத் தெரியுமா இவருக்கு?"

"என்னைவிட நல்லாத் தெரியும்பா."

"அப்ப சரி. தள்ளுங்க."

கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. மூத்தவள் ஒரு முனையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் தம்பி. இரண்டு இடம் தள்ளி, பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு சரிங்கண்ணன் உட்கார்ந்தார். கீழே போகச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு போன்ல சிரிச்சது இதுக்குத்தானா? இந்த லிஃப்டுக்கா?"

"லிஃப்ட்டு போன மாசம். அன்னைக்கு வேற ஏதோ."

"தினமும் இதைத்தான் பேசுவீங்களா?"

"வேற என்னத்தைப் பேசுறது? அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அப்பா சாப்பிடாம எழுந்துருவார்."

தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தான். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். எனக்குக் குடுக்கிற இரங்கல் கார்டுல எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு சுத்துக்கு விட்டாங்க. அவன் அதை என்கிட்டயே கொண்டுவந்து, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, உங்க பேர் மட்டும்தான் பாக்கின்னு நிக்கிறான்."

"போட்டியா?"

"போட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல. ஆழ்ந்த அனுதாபங்கள்னு வேற எழுதினேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அழவுமில்லை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறாள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள். அவன் ஊரில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டான், அதனால்தான் கோபப்பட முடிகிறது என்று நினைத்திருந்தாள்.

"நீ அழுதியாடா?"

"இல்லக்கா. உன்மேல கோபப்பட்டுட்டு இருந்தேன். அது ஈசியா இருந்துச்சு."

சரிங்கண்ணன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். மறுபடி எடுத்து விரித்தார்.

"பயமா இருக்கா?" என்று தம்பி கேட்டான்.

"தெரியலடா. ஒண்ணுமே தெரியல."

இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. காலையில் எட்டிப் பார்த்த அதே நர்ஸ். மூக்கும் வாயும் மூடியிருந்தன. கண்ணை மட்டும் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இடுப்பு செட் கட்டினது யாரு?"

சரிங்கண்ணன் எழுந்தார். "நான்தாங்க."

மூத்தவளும் எழுந்திருந்தாள். "பொறுப்பு என்னோடது. நான் பக்கத்துல நிக்கிறப்பதான் கட்டினார். என்ன ஆச்சு?"

"டாக்டர் கூப்பிடுறார்."

"யாரை?"

"ரெண்டு பேரையும்தான். சீக்கிரம் வாங்க."

நர்ஸ் கதவை முதுகால் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மூத்தவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். ஊசியின் வேகம் குறைந்த கன்னம் மாதிரி, நெஞ்சில் ஏதோ சுரீரென்று வலித்தது. என்ன இது என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உள்ளே படுத்திருப்பது அவளுடைய அப்பா. அம்மா போய்விட்டாள், இவரும் போய்விடலாம்.

தம்பி அவள் கையைப் பிடித்தான். அவன் பிடி வலித்தது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குடா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

(தொடரும்)